மூக்குக்கட்டை மறைத்த ஒரு சென்டிமீட்டர்

கூட்டம் நடத்துவதிலும் கடைவாய்ப்பல் பிடுங்குவதிலும் ஒரே நிதானம் காட்டும் எங்கள் சங்கத் தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே, நான் பிறக்கும் முன்பே ஏரியில் தூண்டில் வீசி, இன்றும் என்னைவிட இரண்டு முழம் தள்ளி வீசுகிற மூத்தவர்களே, மீனைப் பற்றி வீட்டில் கேட்டது போதாதென்று இங்கும் வந்து கேட்க வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பை முகத்தில் காட்டாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கணவரைக் கரையில் குடைபிடிக்கவிட்டுத் தாமே தூண்டில்கோல் பிடிக்கும் சகோதரிகளே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்து, இன்னும் வாங்க வேண்டிய சாமான் என்னென்ன என்ற கணக்கிலேயே தூக்கம் கெட்டிருக்கும் புதியவர்களே, உங்கள் அனைவர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன். வணக்கம்.

நான் மேடைக்குப் பிறந்தவள் அல்ல. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். வாரத்தில் ஐந்து நாள் அடுத்தவர் வேலிக்குக் கோடு போடுகிறேன். ஆறாம் நாள் ஏரியில் தூண்டில் போடுகிறேன். ஏழாம் நாள், போன வாரம் தப்பிய மீனைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேசுகிறேன். அவர் பொறுமைசாலி. "நேத்து இருந்ததைவிட இன்னிக்கு அது கொஞ்சம் பெருசாயிருக்கே" என்று மட்டும் கேட்பார்.

புதியவர்களுக்கு நான்கு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். அதன் பிறகு எனக்கே கசக்கிற ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

முதலில், கூட வந்த விருந்தினர்களுக்காக. பாஸ் மீன் என்பது பச்சை முதுகும், விலாவில் கறுப்புக் கோடும், உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாயும் கொண்ட ஒரு வேட்டைக்காரன். விழுந்த மரத்தடியில், பாறை இடுக்கில், படகுத்துறையின் நிழலில் படுத்திருக்கும். பசித்தால் பாயும். பசிக்காவிட்டாலும் கோபம் வந்தால் பாயும். நாம் போடுவது இரை அல்ல, இரை போன்ற ரப்பர். பிடித்தால் அளப்போம், ஒரு படம் எடுப்போம், தண்ணீரில் விட்டுவிடுவோம். "புடிச்சதை ஏம்மா விடுற? விடுறதுக்கு ஏன் புடிக்கிற?" என்று என் மாமியார் இருபது வருடமாகக் கேட்கிறார். இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இனி அறிவுரை. புதியவர்களே, மீனைத் தொடும் முன் கையை நனையுங்கள். காய்ந்த கை அதன் மேல்பூச்சை உரித்துவிடும். தாடையைப் பிடித்து அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள், மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள். உங்களை யாராவது கீழ்த்தாடையில் பிடித்துத் தூக்கிப் படம் எடுத்தால் நீங்கள் அழகாக இருப்பீர்களா? தூண்டிலின் நைலான் நரம்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள். பெரிய மீன் தப்பியதற்கு நூறு காரணம் சொல்வார்கள். தொண்ணூறு, முடிச்சு. மிச்சம் பத்து, அவசரம்.

கடைக்காரர் சொல்கிற நிறமெல்லாம் கடைக்காரரைப் பிடிக்கிற நிறம். என்னிடம் ரப்பர் புழு மட்டும் ஒன்பது பெட்டி இருக்கிறது. அதில் மீன் பிடித்தவை இரண்டு. மற்ற ஏழும் என்னைப் பிடித்தவை. எது சிறந்த இரை என்று கேட்கிறீர்களா? தண்ணீருக்குள் கிடக்கும் இரை. பெட்டிக்குள் கிடக்கும் இரைக்கு இதுவரை ஒரு மீனும் மாட்டியதில்லை.

காற்றைக் குறை சொல்லாதீர்கள். வெயிலைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்துப் படகில் பாட்டுப் போட்டவரை... சரி, அவரைக் குறை சொல்லலாம். அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு முன்னால் இருக்கும் வரிசையில்தான் தலைகுனிந்திருக்கிறார்.

அன்புக்குரியவர்களே, இப்போது அந்த இன்னொரு வார்த்தை.

நம் படகுக் கொட்டகையின் கிழக்குச் சுவரை எல்லோரும் அறிவீர்கள். ஐம்பது சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள மீனைப் பிடித்தவரின் பெயரும் நாளும் அளவும் அந்தச் சுவரில் எழுதப்படும். மொத்தம் இருபத்தாறு பெயர்கள். நாற்பத்தொன்பது பிடித்தவரை யாருக்கும் தெரியாது, ஐம்பது பிடித்தவரை ஏரிக்கரை நாய்க்கும் தெரியும். மீனோ திரும்பிப் போய்விடுகிறது. மிஞ்சுவது என்ன? பலகை சொன்ன சாட்சி. மீனைக் கிடத்தி அளக்கும் அந்த அளவுப்பலகை ஒன்றுதான் நமக்கு நீதிமன்றம்.

புதியவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பலகையின் ஒரு முனையில் ஒரு கட்டை நிற்கும். மீனின் மூக்கு அதில் முட்ட வேண்டும். வால் எந்தக் கோட்டில் முடிகிறதோ அதுதான் அளவு. அந்தக் கட்டையை நாங்கள் மூக்குக்கட்டை என்போம். மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ மிதித்து அது பெயர்ந்துபோனது. "அளவுன்னா நீங்கதானே" என்று என்னிடம் கொடுத்தார்கள். பெருமையாக வாங்கினேன். வீட்டில் கிடந்த நல்ல தேக்குத் துண்டு ஒன்றை அறுத்து, இழைத்து, இரண்டு திருகாணி போட்டு மாட்டினேன். பழைய கட்டையைப் போலவே, வெளிவிளிம்பு பலகையின் விளிம்போடு ஒட்டி நிற்க, கச்சிதமாக.

கச்சிதம்தான். ஆனால் என் கட்டை பழையதைவிட ஒரு சென்டிமீட்டர் தடிமன் கூட. வெளியே விளிம்பு சரி. உள்ளே, முதல் சென்டிமீட்டரின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த ஏரியில் பிடிபட்ட ஒவ்வொரு மீனும் தன் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் நீண்டது.

ஏன் யாரும் கவனிக்கவில்லை? வருடம் முழுவதும் எல்லைக்கோடு வரைகிற நான் ஏன் கவனிக்கவில்லை? ஏனென்றால் நாம் எல்லோரும் குனிந்து வால் பக்கத்தையே பார்த்தோம். எங்கே முடிகிறது, எங்கே முடிகிறது என்று முடிவையே பார்த்தோம். எங்கே தொடங்குகிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

பார்த்தவர் என் வீட்டுக்காரர். தூண்டிலைத் தொடாத மனிதர். ஏழு வாரத்துக்கு முன், எண்களுக்குப் புதிதாக மை போடலாம் என்று பலகையை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் கிடந்ததை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மீனுக்கெல்லாம் எண்ணு ரெண்டுலேர்ந்துதான் ஆரம்பிக்குமா?" என்றார்.

"என்ன உளர்றீங்க?"

"ஒண்ணைக் காணோமே. கட்டைக்கு அடியில மாட்டிக்கிட்டு இருக்கு பாரு, தலை மட்டும் தெரியுது."

சபையோரே, அந்த நிமிடம் நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களிடம் ஓடி வந்தேனா? தலைவரைக் கூப்பிட்டேனா? இல்லை. திருப்புளியை எடுத்தேன். கட்டையைக் கழற்றினேன். சரியான இடத்தில் மாட்டினேன். அடுத்த வாரம் பலகையைக் கொண்டுபோய் ஆணியில் தொங்கவிட்டேன். ஐந்து நிமிட வேலை. "எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்றார் வீட்டுக்காரர். "இனிமே சரியாத்தானே அளக்கும்" என்றேன். தவறைத் திருத்துவது வேறு, தவறை மறைப்பது வேறு. ஆனால் இரண்டுக்கும் திருப்புளி ஒன்றுதான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலை, நம் ரொட்டிக்கடை அக்கா ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு கரையேறினார். விடியலில் அடுப்பு மூட்டி, ஆறு மணிக்கு முதல் தட்டு ரொட்டியை இறக்கி, கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வருகிற அக்கா. ஏழு வருடமாக வருகிறார். முழங்கை வரை ஈரம். பலகையில் கிடத்தினார். நான்தான் படித்தேன். நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.

அக்கா இன்னொரு தரம் மூக்கைத் தள்ளி வைத்தார். வாலை அழுத்தினார். நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.

"விடுங்க, என் ராசி அவ்வளவுதான்" என்று சிரித்தார். குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டவர் நிமிர நேரமாயிற்று.

நான் கிழக்குச் சுவரைப் பார்த்தேன். அங்கே ஐம்பது புள்ளி ஆறு என்று ஒரு பெயர் இருக்கிறது. பெயின்டர் அண்ணனின் பெயர். மூக்குக்கட்டையை நான் மாட்டி ஒரு மாதத்தில் ஏறிய பெயர். ஒரு சென்டிமீட்டரைக் கழித்தால் அதுவும் நாற்பத்தொன்பது புள்ளி ஆறு. ஒரே ஏரி, ஒரே நீளம். ஒரு மீன் சுவரில், ஒரு மீன் "ராசி". இதைச் செய்தது ஏரியா? ராசியா? நான். மாட்டியபோது தெரியாமல் ஒருமுறை, மாற்றியபோது தெரிந்தே ஒருமுறை.

பெயின்டர் அண்ணனைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். நம் சுவரில் இருக்கும் இருபத்தாறு பெயரும் அவர் கையெழுத்து. பதினெட்டு ஆண்டுகள் மற்றவர் பெயரையே எழுதிக்கொண்டிருந்தார். நானும் அவரும் ஒரே படகில்தான் போவோம். அவர் முன்பக்கம், நான் பின்பக்கம். பத்தொன்பதாம் ஆண்டு அவர் பெயரை அவரே எழுதினார். அன்று படகில் திரும்பும்போது, "போதும்மா, முடிஞ்சுது" என்றார். அதன் பிறகு தூண்டிலோடு வருவதையே குறைத்துக்கொண்டார், பின்பு சுவரில் பெயர் எழுத மட்டும்தான் வந்தார். நிறைவு என்று நாமெல்லாம் நினைத்தோம்.

அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ஒரு சலவைக்கடைக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்காமல், கட்டை, தேக்கு, தடிமன், எல்லாம். அவர் கை நிற்கவில்லை. அந்த எழுத்தின் வளைவை முடித்த பிறகுதான் தூரிகையை எடுத்தார்.

"கூடவா, குறைவா?" என்றார்.

"கூட அண்ணே. ஒரு சென்டிமீட்டர்."

"அப்ப என்னுது?"

"நாற்பத்தொன்பது ஆறு."

தூரிகையை டர்பன்டைனில் அலசினார். அலசிக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அண்ணி வந்தார். "என்ன ஆச்சு, ரெண்டு பேரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"மீனு ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சுபோச்சாம்."

"மூணு வருஷம் கழிச்சா?"

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பேரு போனா போகுதும்மா. நானே எழுதினது, நானே அழிச்சுப்பேன். அது இல்ல. அன்னிக்கே நாற்பத்தொன்பதுன்னு நீ சொல்லியிருந்தா, மறுவாரமே நான் மறுபடி போயிருப்பேன். முடிஞ்சுதுன்னு நினைச்சு உக்காந்துட்டேன். மூணு வருஷம்மா. எனக்கென்ன இருபது வயசா?"

பெரியோர்களே, என் பிழை ஒரு சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அது மூன்று ஆண்டு என்று அங்கே அளந்து காட்டினார்கள்.

அண்ணிதான் பேசினார். "போகாம இருந்தது நீங்க. பலகையா உங்களைக் கட்டிப்போட்டுச்சு? நான் தினம் சொன்னேன், சும்மாவாவது போயிட்டு வாங்கன்னு. ஐம்பது புடிச்சவன் சும்மா போவானான்னு கேட்டீங்க."

அண்ணன் தூரிகையைத் துடைத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். நான் வந்துவிட்டேன். அது நடந்து நான்கு வாரம் ஆகிறது.

அதற்கு அடுத்த வாரம் ரொட்டிக்கடை அக்கா போன் செய்தார். அவரிடமும் எல்லாம் சொல்லியிருந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்து எடுத்தேன்.

"உங்க பெயின்டர் அண்ணன் காலையில ஆறு மணிக்கு ரொட்டி வாங்க வந்தாரு. கையில கோலு. நரம்பெல்லாம் பழுப்பேறிக் கிடக்கு, மாத்துங்கண்ணேன்னு சொன்னேன். என் மீனைப் பத்திக் கேட்டாரு. ரெண்டும் ஒரே மீனாக்கூட இருக்கலாம்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணு வருஷமா வளராம உங்க பேரைக் காப்பாத்திக்கிட்டு கிடந்துச்சான்னு கேட்டேன். சிரிச்சாரு. என்கிட்டதான் சிரிச்சாரு. உங்க பேரை எடுத்தா மூஞ்சி மாறுது."

அந்த வாரத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் அவர் ஏரியில் இருக்கிறார். நான் ஒரு துறையிலிருந்து வீசினால், அவர் படகு எதிர்க்கரைக்குப் போகிறது. ஏரி பெரியது, இருவருக்கும் இடம் இருக்கிறது. இருந்தாலும் என்னால் அந்தத் துறையில் நிற்க முடியவில்லை. மீன் கடிக்கிறது. மனம் கடிக்கவில்லை.

அதனால்தான் இந்த மேடை. கட்டையை நான் மாட்டிய பிறகு சுவரில் ஏறியவை ஒன்பது பெயர்கள். சென்டிமீட்டரைக் கழித்தால் அதில் நான்கு ஐம்பதுக்குக் கீழே இறங்குகின்றன. ஒன்று பெயின்டர் அண்ணன். வேறு இருவரிடமும் பேசிவிட்டேன். ஒருவர் உடனே சரி என்றார், ஒருவர் இரண்டு நாள் பேசாமலிருந்து மூன்றாம் நாள் சரி என்றார். நான்காமவர்... தலைவர் ஐயா, சொல்லலாம்தானே? தலையசைக்கிறார். நான்காமவர் இந்த அவையின் தலைவர். அவருடைய ஐம்பது புள்ளி மூன்று இனி நாற்பத்தொன்பது புள்ளி மூன்று. இதைச் சொல்ல அவர் மருத்துவமனைக்கே போனேன். ஒருவர் வாயைத் திறந்து படுத்திருக்க, ஐயா கையில் கருவியோடு கேட்டுக்கொண்டார். "மேடையிலயே சொல்லிடுங்க, என்னுதையும் சேர்த்து. இல்லேன்னா என்னைக் காப்பாத்திட்டு மத்தவங்களை மட்டும் இறக்கிட்டீங்கன்னு பேசுவாங்க" என்றார். படுத்திருந்தவர் மட்டும், பாவம், நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஐந்து பெயர்கள் தப்புகின்றன. அதில் ஒன்று என்னுடையது. ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு, இனி ஐம்பது புள்ளி இரண்டு. கோடு தவறியவள் கோட்டுக்கு மேலே நிற்கிறேன். அது எனக்கு இனிக்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.

யாரோ பின்னாலிருந்து, "விட்டுடுங்க, ஒரு சென்டிமீட்டர்தானே" என்கிறீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் ஐயா, ஒரு சென்டிமீட்டர்தானே என்றால், ஐம்பது என்ற எண்ணை ஏன் வைத்தோம்? ஒரு சென்டிமீட்டர்தானே என்றால், ரொட்டிக்கடை அக்கா ஏன் வாலை மறுபடி அழுத்தினார்? ஒரு சென்டிமீட்டர்தானே என்றால், ஒரு மனிதர் மூன்று வருடம் ஏன் ஏரியை மறந்தார்?

நம் விளையாட்டு என்ன? ரப்பரைப் புழு என்கிறோம். தகரத்தைக் குஞ்சு மீன் என்கிறோம். எந்த மரத்தடியில் பிடித்தாய் என்றால் எதிர்த்திசையைக் காட்டுகிறோம். தப்பிய மீனுக்கு வாரா வாரம் வயது ஏற்றுகிறோம். இத்தனை பொய்க்கு நடுவே மெய்யென்று நம்மிடம் இருப்பது ஒரே ஒரு மரப்பலகை. மீனிடம் பொய் இரை போடலாம், அது நம் கலை. நமக்கு நாமே பொய் அளவு போட்டுக்கொண்டால், மாட்டிக்கொண்டது மீன் அல்ல, நாம். வீசியதும் நாம், விழுங்கியதும் நாம், கரையில் கிடந்து துடிப்பதும் நாம்.

ஆகவே கேட்கிறேன். கிழக்குச் சுவரில் ஒன்பது அளவுகளிலும் ஒரு சென்டிமீட்டரைக் கழிக்க, கீழே இறங்கும் பெயர்களை எடுத்துவிட, இந்த அவை சம்மதிக்கிறதா? சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்.

தலைவர் ஐயாவின் கை முதலில். ரொட்டிக்கடை அக்கா, இரண்டு கை வேண்டாம், ஒன்று போதும். பின்வரிசை, "விட்டுடுங்க" என்றவரும் தூக்கியிருக்கிறார். தாய்மார்களும் தூக்கியிருக்கிறார்கள், வாக்கு இல்லாவிட்டாலும். இருக்கட்டும், மனம் உண்டு.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் சம்மதித்த பெயர்களில் ஒன்றை எடுக்க வேண்டிய வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. காலையில் கொட்டகைக்குப் போனபோது சுவர் ஈரமாக இருந்தது. சுவரின் நிறத்தையே கலந்து கொண்டுவந்து, தன் பெயரை மட்டும் பெயின்டர் அண்ணன் மூடியிருந்தார். மற்ற மூன்றைத் தொடவில்லை. அது அவையின் வேலை என்று விட்டிருந்தார். நான் வணக்கம் சொன்னேன். டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

இன்னும் பேசலாம் என்று சீட்டு வந்திருக்கிறது. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். என்னண்ணே?

சற்றுப் பொறுங்கள், ஒலிபெருக்கி இல்லாமல் அவர் பேசுவது உங்களுக்குக் கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். "போதும்மா, பேச்சை முடி. காத்து அடங்கிடுச்சு. படகுல பின்பக்கம் காலியாத்தான் இருக்கு" என்கிறார்.

பொறுமையோடு கேட்ட தலைவர் ஐயாவுக்கும், பெரியோருக்கும், தாய்மாருக்கும், கை தூக்கிய ஒவ்வொருவருக்கும் என் நன்றி. உங்கள் முடிச்சுகள் அவிழாதிருக்கட்டும், வணக்கம். அண்ணே, செருப்பைப் போட்டுக்கிட்டு வந்துடறேன், கயிறை அவிழ்த்துடாதீங்க.